பூனைமீசைத் தண்ணீர்

லாயாங் லாயாங் ஊரில் டோரிஸ் வீட்டுப் பின்பக்கம், சாக்கடைக்கும் வேலிக்கும் நடுவில் இருக்கும் சின்னத் துண்டு மண்ணில் பூனைமீசைச் செடி இடுப்பளவுக்கு மண்டி நின்றது. வெள்ளைப் பூவிலிருந்து மீசை நீட்டிக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். மலாய்க்காரர்களும் மீசை கூச்சிங் என்றுதான் சொல்கிறார்கள். பூனை விஷயத்தில் மட்டும் இந்த நாட்டில் யாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. இலையும் தண்டுமாகக் காய்ச்சிக் குடித்தால் சிறுநீர் தாராளமாய்ப் பிரியும், கிட்னிக்கு நல்லது என்று ஊரே சொல்லும். டோரிஸும் சொல்லிக்கொண்டிருந்தாள், அந்தச் சனிக்கிழமை வரைக்கும்.

அவள் கணவன் லூயிஸ் செனாயில் ஒரு முலாம் பூசும் தொழிற்சாலையில் தொட்டி லைனுக்குப் பொறுப்பாளன். போல்ட்டுகளையும் கொக்கிகளையும் கம்பிச் சட்டத்தில் கோத்து, ஒரு தொட்டியில் முக்கி எடுத்து, கழுவி, அடுத்த தொட்டியில் முக்க வேண்டும். கடைசிப் பெரிய தொட்டியில் காட்மியம், கிட்னியைத் தின்னும் உலோகம். புகையை வெளியே இழுக்க வேண்டிய விசிறி ஓடும் நாளைவிட நிற்கும் நாள்தான் அதிகம். முகமூடி கொடுத்திருந்தார்கள். அந்த வெக்கையில் எந்த மனிதன் அதை முழு நேரமும் மாட்டியிருப்பான்? வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தால் நாக்கில் சில்லறைக் காசு ருசி. டோரிஸ் எவ்வளவு உறைப்பாய்ச் சம்பால் அரைத்து வைத்தாலும், "என்னா டோரிஸ், வெறும் தக்காளியா?" என்பான்.

வருடத்துக்கு ஒருமுறை கம்பெனிக்குக் கிளினிக் வேன் வரும். ஆளாளுக்குச் சின்னக் குவளையில் சிறுநீர் பிடித்துக் கொடுக்க வேண்டும். மிஸ்ஸி என்று எல்லோரும் கூப்பிடும் நர்ஸ் அதில் ஒரு காகிதப் பட்டையை நனைத்து நிறம் பார்ப்பாள். கிட்னி கெட்டுப் புரதம் கசிந்தால் நிறம் மாறும், மாறினால்தான் ரத்தம் எடுப்பார்கள். முன்பு ரூபேந்திரன் என்ற ஒருவனுக்கு நிறம் மாறியது. அவனைப் பேக்கிங்குக்குத் தள்ளினார்கள். கொஞ்ச நாளில் பேக்கிங்கில் ஆள் அதிகம் என்று வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். தொட்டி லைன்காரர்கள் கூடிப் பேசிக் கண்டுபிடித்ததுதான் 'தண்ணி வாரம்'. செக்கப்புக்கு முந்தைய வாரம் முழுக்க டோரிஸ் பெரிய பானையில் பூனைமீசை காய்ச்சுவாள். லைன் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை கடைசிச் சுற்றுக்கு வந்து, மினரல் வாட்டர் பாட்டில்களில் நிரப்பிக்கொண்டு போய் விடிய விடியக் குடிப்பார்கள். பரீட்சைக்குப் படித்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர்கள் குடித்துவிட்டுப் போனார்கள். எல்லோரும் பாஸ்.

டோரிஸ் இதை ஏமாற்று வேலையாக நினைக்கவே இல்லை, மருந்து என்று நம்பினாள். அதற்குக் காரணம் இருந்தது. போன ஈஸ்டருக்குப் பிறகு, கழிவறை கழுவும்போதெல்லாம் லூயிஸ் போன சிறுநீரில் நுரை நிற்பதைப் பார்த்தாள். சவர்க்காரம் கரைத்து ஊற்றியது மாதிரி நுரை, தண்ணீர் அடித்தாலும் போகாது. தண்ணி வாரம் வந்தது, நுரை போயிற்று. செடி கேட்கிறது என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். அந்தோனியாருக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். வாரம் முடிந்ததும் நுரை திரும்பி வந்தது. இன்னும் கொஞ்சம் கூடுதலாய்க் காய்ச்சிக் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை குளுவாங்குக்கு மனோகரனைப் பார்க்கப் போனாள். லூயிஸோடு அதே லைனில் வேலை செய்தவர். மூன்று தண்ணி வாரமும் பாஸ் செய்தவர், நோன்புப் பெருநாள் விடுமுறையில் மூச்சு முட்டி விழுந்தார். இப்போது வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்தம் பண்ணும் நிலையத்தில் கிடக்கிறார். கையை வீசிக்கொண்டு போகக்கூடாது என்று டோரிஸ் ஒரு பெரிய பாட்டில் பூனைமீசைத் தண்ணீர் கொண்டுபோயிருந்தாள்.

நிலையத்துக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் மனோகரனின் மனைவி அங்கம்மா உட்கார்ந்திருந்தாள். செம்பனைத் தோட்டத்தில் உரம் போட்டுக் காய்த்த கை. குரலிலும் அந்தக் காய்ப்பு இருந்தது.

"வா டோரிஸ். உள்ள விடமாட்டாங்க. இன்னும் ஊசி எடுக்கல."

"அண்ணனுக்கு எப்படிக்கா இருக்கு?"

"மிஷின்ல போட்டா இருக்காரு. ஒரு நாளு தவறுனா இல்ல. அப்படித்தான் இருக்கு." அங்கம்மாவின் கண் பாட்டிலுக்குப் போனது. "அது என்னா?"

"நம்ம தண்ணிதான்க்கா. கொஞ்சம் கூலா மெலாக்கா சக்கர போட்டேன், கசக்காது."

அங்கம்மா பாட்டிலை வாங்கினாள். மூடியைத் திறந்து, பக்கத்திலிருந்த பூந்தொட்டியில் நிதானமாகக் கவிழ்த்தாள். டோரிஸுக்கு முகம் சிவந்துவிட்டது.

"கோவிச்சுக்காத. டாக்டர் என்னா சொன்னாரு தெரியுமா? இதுல பொட்டாசியம்னு ஒன்னு இருக்காம். நல்ல கிட்னின்னா அத வெளிய தள்ளிரும். கெட்ட கிட்னிக்கு முடியாது. ரத்தத்துலயே நின்னு, நெஞ்ச நிப்பாட்டிருமாம். நான் இவரு விழுந்த பொறவும் மூனு நாளு ஊட்டிக்கிட்டு இருந்தேன்லா. என் கையால."

"ஐயோ அக்கா... எனக்கு எப்படித் தெரியும்? டெஸ்ட்டு எல்லாம் நல்லாத்தானே வந்துச்சு அண்ணனுக்கு?"

"அதத்தான் நானும் கேட்டேன். போன வருஷத்து ரிப்போர்ட்ட காட்டுனேன். டாக்டர் முழிச்சாரு. டெஸ்ட்டுக்கு முந்தி என்ன குடிச்சாருன்னு கேட்டாரு. பயந்து பயந்து சொன்னேன். திட்டுவாருன்னு பாத்தா, திட்டல. 'கொழம்புல ஒரு வாளி தண்ணிய ஊத்திப்புட்டு, உப்பே இல்லன்னு சந்தோசப்பட்டா எப்படிம்மா?'ன்னாரு."

டோரிஸுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் பூந்தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தாள்.

அங்கம்மா குரலைத் தாழ்த்தினாள். "லூயிஸ் தம்பிக்கு நொர வருதா?"

டோரிஸ் தலையை மட்டும் ஆட்டினாள்.

"தண்ணி வாரத்துல போயிரும், பொறவு வந்துரும். அதானே? எனக்கும் அப்படித்தான் போச்சு, வந்துச்சு. நொர எங்கயும் போகல டோரிஸ். தண்ணிக்குள்ள கரைஞ்சு நின்னுச்சு, அவ்வளவுதான். போயி அந்த ஆள ஒழுங்கா ரத்தம் எடுக்கச் சொல்லு. என் நாக்காலி பக்கத்துல ஒனக்கு ஒன்னு போட வெச்சிராத."

வீடு திரும்பும்போது நல்ல மழை. லூயிஸ் சோபாவில் காலை நீட்டிக் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணுக்குக் கீழே வீங்கிக் கிடந்தது. தூக்கம் பத்தவில்லை என்பான், காலையிலிருந்து தூங்கிக்கொண்டிருப்பவன். டோரிஸ் தலையைத் துவட்டாமலேயே ஆரம்பித்தாள்.

"என்னங்க, இனிமே நான் காய்ச்சப் போறதில்ல."

"ஏன்? அங்கம்மாக்கா ஏத்திவிட்டிச்சா?" அவன் கைப்பேசியை நீட்டினான். "இந்தா, இதப் பாரு. நம்ம லைன் ஷான் அனுப்பியிருக்கான். யுனிவர்சிட்டில எலிக்கு விஷம் குடுத்து, கூடவே இந்த மாதிரி எல சாறும் குடுத்திருக்காங்க. சாறு குடிச்ச எலிக்கெல்லாம் கிட்னி அவ்வளவா கெடலியாம். சாயன்ஸ்லா!"

"அந்த எலிய மறுநாளும் அதே தொட்டிகிட்ட வேலைக்கு அனுப்புனாங்களா?"

லூயிஸ் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

"நீங்க குளுவாங் போயி ரத்தம் எடுங்க. கம்பெனி செக்கப்ப நம்பாதீங்க. நான் கெஞ்சிக் கேக்குறேன்."

"திங்கக்கிழம செக்கப் முடியட்டும். பொறவு பாக்கலாம். எனக்கு மட்டும் இல்ல டோரிஸ், லைன் ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க. நீ காய்ச்சலன்னா நான் என்னா மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவனுங்ககிட்ட பேசுறது?"

"மூஞ்சியா? கண்ணாடில பாத்தீங்களா அந்த மூஞ்சிய?"

அவன் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கோபக்காரன் இல்லை லூயிஸ். கதவைச் சாத்துவதுதான் அவன் கோபத்தின் உச்சம். வெளியே மழையில் பூனைமீசை குளித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து டோரிஸுக்கு ஆத்திரமாக வந்தது. செடி மேல் குற்றம் இல்லை என்று அவளுக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு லூயிஸ் சிலிப்பரோடு வந்தான். சப்பாத்தில் கால் நுழையவில்லை. பங்குச் சாமியார் பார்த்தும் பார்க்காத மாதிரி கைகொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அவனே பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், செடியை ஒரு கட்டு வெட்டி வந்தான். வேர் மண்ணைக்கூட உதறாமல் பானையில் திணித்து அடுப்பைப் பற்ற வைத்தான். கல்யாணமான நாளிலிருந்து மெகி மீ நூடுல்ஸைத் தவிர அடுப்பில் எதையும் வைத்தறியாத ஆள். டோரிஸ் வாசற்படியில் நின்று அந்த முதுகையே பார்த்தாள். இந்த மனிதன் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்ற ஒரே நினைப்புதான் அவளுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மாலையில் ஷானும் ராஜசேகரனும் பாட்டில்களோடு வந்தார்கள். லைனில் மற்றவர்களுக்கும் சேர்த்து வாங்கிப்போவது இவர்கள்தான். ஷான் கலகலப்பான ஆள், கேட்டுக்கு வெளியிலிருந்தே சத்தம் கொடுத்தான்.

"அக்கா! பாஸ் மார்க் ரெடியா?"

பானை ஆறிக்கொண்டிருந்தது. டோரிஸ் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு அதைத் தூக்கினாள். பின்கட்டுக்குக் கொண்டுபோய், அத்தனை பேர் பார்க்கச் சாக்கடையில் கவிழ்த்தாள். பழுப்புத் தண்ணீர் ஆவியோடு ஓடியது. தண்டும் இலையும் சாக்கடைச் சல்லடையில் சிக்கிக்கொண்டன.

"அலமாக்! அக்கா, என்னா இது?"

"மனோகரன் அண்ணன் இதக் குடிச்சுத்தான் பாஸ் பண்ணாரு. இப்ப எங்க படுத்திருக்காருன்னு போயி பாத்துட்டு வாங்க. ஒங்க வீட்டுலயும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு."

ராஜசேகரன் காலிப் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். பேசுகிற சுபாவம் அவனுக்கு இல்லை. ஷான் லூயிஸைப் பார்த்தான். "அண்ணே, இப்ப என்னாண்ணே செய்யுறது?"

லூயிஸ் டோரிஸைத் திட்டவில்லை. ஷான் கையிலிருந்த பாட்டிலை வாங்கினான். சமையலறைக் குழாயைத் திறந்து, அது நிரம்பும்வரை பிடித்தான். பிறகு தலையை அண்ணாந்து, எல்லோரும் பார்க்கப் பாதிப் பாட்டிலைக் குடித்தான்.

"செடி எதுக்குடா? இது போதும். வீட்டுல போயி வெறுந்தண்ணிய குடிங்க. காலைல வேன் ஏறுற வரைக்கும் குடிச்சுக்கிட்டே இருங்க. மத்தவனுங்களுக்கும் சொல்லிருங்க."

"வெறுந்தண்ணியா? நெசமாவாண்ணே?"

"போங்கடா."

அவர்கள் போனார்கள். ஷான் போகும்போது, இத்தனை நாளாய் இது தெரியாமல் போயிற்றே என்று சிரித்துக்கொண்டே போனான். பானையைக் கவிழ்த்து அத்தனை பேரையும் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்த டோரிஸுக்கு, தானே அவர்களுக்குக் குறுக்குவழியைக் காட்டிக்கொடுத்தது போலாகிவிட்டது.

"ஒங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?" என்று கேட்டாள்.

"போன வருஷமே. ஒரு நாளு செடி இல்லாம தண்ணிய மட்டும் குடிச்சுப் பாத்தேன். அன்னிக்கும் நொர இல்ல."

"அப்ப ஏன் என்னை இந்த வருஷமும் காய்ச்ச விட்டீங்க?"

"நீ போயி அந்தோனியாருக்கு மெழுகுவத்தி ஏத்துன. வந்து, 'கேக்குதுங்க, மருந்து கேக்குது'ன்னு சிரிச்ச. நான் என்னத்த சொல்றது?" அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். குடித்த தண்ணீர் கனத்தது போல மெதுவாக மூச்சு விட்டான். "தெரியாத வரைக்கும் நான் வேலைக்குப் போற ஆளு டோரிஸ். தெரிஞ்சுட்டா நோயாளி. ரூபேந்திரன எவன் இப்ப பேர் சொல்லிக் கூப்புடுறான்? இந்த வயசுல என்னை எவன் வேலைக்கு எடுப்பான்?"

"வேல போனா போகட்டும்ங்க. நான் ரொட்டி சானாய் போட்டு விக்குறேன். நீங்க இருக்கணும்."

"இருப்பேன்லா. எங்க போகப் போறேன்?"

அவன் மீதிப் பாட்டிலையும் எடுத்துக் குடித்தான். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே குடித்ததுதான் டோரிஸால் பொறுக்க முடியாமல் போயிற்று. இத்தனை வருடத்தில் அவனை அடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை வெளிச்சம் வருமுன்பே கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. லூயிஸ் நின்றபடியே இன்னும் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, சேஃப்டி சப்பாத்தின் கயிறு முழுக்க அவிழ்ந்து தொங்க நடந்து போய் ஏறினான். பசியாறக்கூட இல்லை. வேனின் சிவப்பு விளக்கு ரயில்வே கேட்டைத் தாண்டி மறைந்ததும் டோரிஸ் அங்கம்மாவுக்குப் போன் அடித்தாள்.

"அக்கா, ஒங்க கஞ்சில் காடி ஓடுமா? செனாய்க்குப் போகணும்."

எதற்கு என்று அங்கம்மா கேட்கவே இல்லை. "சேல மாத்திட்டு நில்லு" என்றாள்.

அங்கம்மா அந்தச் சின்னக் காரை ஓட்டுவதைப் பார்த்தால் உயிர்மேல் ஆசை உள்ளவர்கள் ஏற மாட்டார்கள். செம்பனை லாரிகளை இரண்டு பக்கமும் முந்தினாள். வழியெல்லாம் டோரிஸ் ஜெபமாலையை உருட்டினாள். மணி எந்த இடத்தில் இருக்கிறது என்று கைக்குத் தெரியவில்லை. கம்பெனிக்குள் போய் என்ன சொல்வது, யாரிடம் சொல்வது, வேலை போய்விட்டால் அவன் தன்னோடு முகம் கொடுத்துப் பேசுவானா என்றே நினைப்பு ஓடியது.

கிளினிக் வேன் காவலாளி அறைக்குப் பக்கத்திலேயே, தகரக் கொட்டகையின் கீழே நின்றிருந்தது. தொட்டி லைன் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். எல்லோர் கையிலும் குவளை. உள்ளே இருந்தது பச்சைத்தண்ணீராய்த் தெளிந்திருந்தது. வரிசைக்கு முன்னால் லூயிஸ். அவன் குவளையை நீட்டிக்கொண்டிருந்தபோதே டோரிஸ் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டாள். வாசலில் இருந்த நேப்பாளிக் காவலாளியை அங்கம்மா பார்த்துக்கொண்டாள்.

மிஸ்ஸி ஒரு மலாய்ப் பெண், இளவயதுக்காரி. டோரிஸ் தனக்குத் தெரிந்த பாசார் மலாயில் எல்லாவற்றையும் கொட்டினாள். இவர் என் புருஷன், இவருக்குக் கிட்னி கெட்டிருக்கிறது, நேற்றிலிருந்து தண்ணீராய்க் குடித்துக்கொண்டிருக்கிறார், இவர்கள் எல்லோருமே குடித்திருக்கிறார்கள், அந்தக் காகிதத்தை நம்பாதே, ரத்தம் எடு. சொல்லச் சொல்ல அவள் குரல் உயர்ந்தது. வரிசையில் ஒருவரும் அசையவில்லை. தூரத்தில் சூப்பர்வைசர் கோப்பிப் பொட்டலத்தோடு நின்று திரும்பிப் பார்த்தான்.

மிஸ்ஸி லூயிஸைப் பார்த்து, "பெத்துல் கா?" என்றாள்.

உண்மையா என்ற அந்தக் கேள்விக்கு லூயிஸ் டோரிஸ் பக்கமே திரும்பவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு மலாயில் சொன்னான்: என் மனைவிதான், சிநேகிதர் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இவளுக்கு மனசு சரியில்லை, நான் நன்றாகத்தான் இருக்கிறேன். சொல்லிவிட்டு ஷானைப் பார்த்தான். ஷான் தலையாட்டினான். ராஜசேகரன் வேறெங்கோ பார்த்தான்.

பைத்தியக்காரி என்று சொல்லிவிட்டான். அழுதால் பைத்தியம்தான் என்று முடிவு கட்டிவிடுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மிஸ்ஸி காகிதப் பட்டையை எடுத்தாள். நனைக்கவில்லை. குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு அவள் பார்வை லூயிஸ் முகத்துக்கும், அங்கிருந்து கயிறு கட்டாத சப்பாத்துக்கும் இறங்கியது. குவளையை மேசையில் வைத்துவிட்டு, அவன் முன்னால் குந்தி உட்கார்ந்து, கால்சட்டையைக் கொஞ்சம் மேலே தூக்கினாள். கணுக்காலுக்கு மேலே, எலும்பு இருக்கும் இடத்தில், கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து எடுத்தாள்.

குழி விழுந்திருந்தது. பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி ஒரு குழி. அது மேலே வரும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரவில்லை. கிட்னி வெளியே தள்ளாத தண்ணீர் அங்கே நின்றிருந்தது. லூயிஸும் குனிந்து பார்த்தான். அவன் கால்தான், ஆனால் யாருடையதோ போலப் பார்த்தான்.

மிஸ்ஸி எழுந்து, ஊசியும் குப்பியும் எடுத்து வைத்தாள். இந்தக் குவளை வேண்டாம் என்று மெல்லச் சொன்னாள். உட்காருங்கள் அங்கிள் என்றாள். லூயிஸ் உட்கார்ந்தான். சட்டைக் கையை மடிக்கப் பார்த்தான், பொத்தான் கழலவில்லை. டோரிஸ் முன்னால் வந்து, அவனைக் கேட்காமல், அந்தக் கையை மடித்து விட்டாள். அவன் தடுக்கவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை.

வரிசை அப்படியே நின்றது. டோரிஸ் நிமிர்ந்தபோது, இரண்டாவதாக நின்ற ஷான் குவளையைத் தரையில் வைத்துவிட்டு, ஒரு காலை முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான். கால்சட்டையை மேலே தூக்கி, தன் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினான். அழுத்தியவன் அப்படியே இருந்தான். மிஸ்ஸி லூயிஸ் கையில் ஊசி குத்தி, குப்பி நிறைந்து, பஞ்சு வைத்து ஒட்டிய பிறகும் அப்படியே இருந்தான். விரலை எடுக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.